மாமா ஏன் மூணு தடவை ஃபெயில் ஆனார்?

களக்காட்டுல வாழைத்தார் லோடு ஏத்தி, ஆரியங்காவு மலையேறி, விடியறதுக்குள்ள கேரளாவுல இறக்குற ஆளு எங்க மாமா. ஸ்டியரிங் பிடிச்சு 18 வருஷம். அப்பேர்ப்பட்டவர் துபாய்ல டிரைவிங் டெஸ்ட்ல மூணு தடவை ஃபெயில்னா நம்புவீங்களா? எங்க தெருவே நம்பல. ஒவ்வொரு ஃபெயிலுக்கும் மறுபடி கிளாஸ், மறுபடி ஃபீஸ். இங்க அத்தையோட செயின் அடகுல இருக்கு. லைசென்ஸ் கைக்கு வந்தாத்தான் டிரைவர் வேலை.

வில்லன் யாருன்னா, ரவுண்டானா!

நமக்கு ரோட்டுல இடதுபக்கம். அங்க வலதுபக்கம். அதனால ரவுண்டானாவுல வண்டிகள் இடதுகைப் பக்கமிருந்து வரும். மாமா கழுத்து 18 வருஷப் பழக்கத்துல வலதுபக்கமே திரும்புது. அது ஒண்ணுன்னா சரி பண்ணிடலாம். உள்ள சுத்திக்கிட்டு இருக்குற வண்டிக்குத்தான் முதல் வழி, வெளிய இருந்து வர்றவர் காத்திருக்கணும். மாமாவோ வண்ணார்பேட்டை ரவுண்டானாவுல நுழையற மாதிரி, மூக்கை நீட்டி, 'நான் வந்துட்டேம்ல'ன்னு நுழைஞ்சிருக்கார். பக்கத்துல உட்கார்ந்திருந்த எக்ஸாமினர் பிரேக்கை மிதிச்சிட்டார். அவர் பிரேக்கைத் தொட்டா கதை முடிஞ்சது பாஸ்.

இதுல காமெடி என்னன்னா, நம்ம சட்டமும் அதையேதான் சொல்லுது. 2017-ல வந்த மத்திய அரசு விதிகள்படி இங்கயும் ரவுண்டானாவுக்குள்ள இருக்குற வண்டிக்குத்தான் முன்னுரிமை. எல்.எல்.ஆர். எடுக்கும்போது நம்மள்ல எத்தனை பேர் அதைப் படிச்சோம்? நம்ம ரோட்டுல வழி யாருக்குன்னா, பெரிய வண்டிக்கு. இல்லேன்னா பெரிய ஹாரனுக்கு.

லைட் அடிக்கிறதும் அப்படித்தான். நம்மூர்ல எதிர்ல வர்றவர் லைட்டை மினுக்குனா, 'நான் வாரேன், நீ நில்லு'ன்னு அர்த்தம். பிரிட்டன்ல பல பேர் அதே மினுக்கலை 'நீங்க போங்க'ன்னு சொல்லப் பயன்படுத்துறாங்க. ஆனா அவங்க சாலை விதிப் புத்தகம், 'நான் இங்க இருக்கேன்'னு காட்ட மட்டும்தான் லைட் அடிக்கலாம்ங்குது. சுற்றுலா போறவங்களுக்கு நம்ம ஆர்.டி.ஓ. ஆபீஸ் தர்ற இன்டர்நேஷனல் பெர்மிட் அதிகபட்சம் ஒரு வருஷம் செல்லும். அது வண்டி ஓட்ட அனுமதி தரும், அவ்வளவுதான். எந்தப் பக்கம் பார்க்கணும்னு சொல்லித் தராது.

மூணாவது ஃபெயிலுக்கு அப்புறம் மாமா போன்ல நொந்துபோய்ப் பேசினார். "மாப்ள, இங்க ஒருத்தனும் நமக்கு வழி விட மாட்டேங்கான்ல."

நான் கேட்டேன், "மாமா, ஆரியங்காவு மலையில எறங்கும்போது எதிர்ல லோடு லாரி ஏறி வந்தா என்ன செய்வீங்க?"

"ஒதுங்கி நிப்பேன். ஏறுதவன் நின்னுட்டா மறுபடி எடுக்க முடியுமாடே?"

நம்ம சட்டத்துல அதுவும் இருக்கு. குறுகலான மலைப்பாதையில இறங்குற வண்டிதான் நின்னு வழி விடணும். அதை மாமா எந்தப் புத்தகத்துலயும் படிக்கல. ஏறுறவன் கஷ்டம் தெரியும், அதான் நிக்கிறார். "ரவுண்டானாவுக்குள்ள இருக்குறவனை ஏறி வர்ற லோடு லாரின்னு நினைச்சுக்கோங்க"ன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "இதை மொதல்லயே சொல்லக் கூடாதால?"

நாலாவது தடவை பாஸ்!

இப்ப லீவுல வந்திருக்கார். நாங்குநேரி ரோட்டுல பள்ளிக்கூடப் பிள்ளைக ரோடு தாண்ட நின்னா வண்டியை நிறுத்துறார். பின்னாடி வர்றவர் ஹாரன்லயே கொல்றார். பிள்ளைகளோ, 'இந்த ஆளு எதுக்கு நிக்காரு'ன்னு தாண்டாம முழிச்சிக்கிட்டு நிக்குதுக.