காவலனே கதவடைத்தால்...

சென்ற மார்ச்சில் ஒருநாள் எங்கள் துறை மன்றத்தின் வலைத்தளம் அனைவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டது. கல்லூரிகளுக்கிடையேயான போட்டிக்குப் பெயர் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். வேர்ட்பிரஸில் அமைந்த அத்தளம் என் பொறுப்பில் இருந்தது.

முந்தின இரவுதான் பாதுகாப்புக்கென ஒரு பிளக்இன் பொருத்தி, கடவுச்சொல்லை 5 முறை தவறாக இட்டால் அந்த ஐ.பி. முகவரியைத் தடுக்கும்படி செய்திருந்தேன். இப்போது என்னாலேயே நுழைய முடியவில்லை! "உன் தளத்தை உடைக்கிறேன் பார்" என்று என்றோ விளையாட்டாகச் சொன்ன வகுப்புத் தோழனை நாலு பேர் முன்னிலையில் ஏசிவிட்டேன். அவன் மறுமொழி கூறாமல் போய்விட்டான்.

ஹோஸ்டிங் கணக்கின் ஃபைல் மேனேஜரில் நுழைந்து, அந்தப் பிளக்இன் ஃபோல்டரின் பெயரை மாற்றினேன், தளம் திறந்தது. பிறகு டேட்டாபேஸில் தடுப்புப் பட்டியலைப் பார்த்தால், இருந்தது ஒரே ஒரு முகவரி. எங்கள் மேனேஜ்டு ஹோஸ்டிங்கில் பார்வையாளர் நேரே தளத்துக்கு வருவதில்லை. முன்னால் நிற்கும் புராக்ஸி சர்வர் வழியாகவே வருகிறார். அவருடைய உண்மை முகவரி எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்னும் ஹெட்டரில் வரும். பிளக்இன்னோ அதைப் பாராமல், வாயிற்காப்போன் முகத்தையே ஊரார் அனைவரின் முகமாகவும் எண்ணிவிட்டது. அந்த ஹெட்டரை எவரும் பொய்யாக எழுதி அனுப்பலாமாதலால், நிறுவனத்திடம் அதன் புராக்ஸி முகவரிகளைக் கேட்டு, அவற்றிலிருந்து வருவதை மட்டும் நம்பும்படி அமைத்தேன்.

அந்த 5 தவறுகள் யாருடையவை? பதிவான நேரத்தைப் பார்த்தேன். புதிய கடவுச்சொல்லை மறந்து, காலையில் நானே தட்டியவை!

அதே நாலு பேரையும் அழைத்துச் சென்று தோழனிடம் மன்னிப்புக் கேட்டேன். "5ஐ 20 ஆக்கிவிடு. உன் மறதிக்கு அது போதும்" என்றான்.