உயிரியலை விட்ட பிள்ளை

உயர்தர வகுப்பு ஆரம்பித்து நாலைந்து மாதங்கள் சென்றதும், ஆசிரியர் அறை வாசலில் தயங்கி நிற்கும் மாணாக்கர் சிலரை ஆண்டுதோறும் காண்கிறேன். "சேர், நான் பாடம் மாறப் போறன்" என்பதே அவர்கள் கொணரும் செய்தி.

அவர்களிடம் நான் முதலிற் கேட்பது, "ஒருவரும் ஏவாமல் நீர் எடுத்து வாசிக்கிற புத்தகம் எது?" என்பதாகும். தவணைப் பரீட்சையிற் புள்ளி குறைந்தமையாலோ, கூட்டாளி வேறு பிரிவுக்குப் போனமையாலோ வந்த வெறுப்பாயின் இதற்கு மறுமொழி வாராது. அத்தகையோர் பெரும்பாலும் ஒரு மாதத்தில் தம் பழைய வாங்கிலேயே அமைதியாக இருந்துவிடுவர்.

சென்ற ஆண்டு வந்த உயிரியற் பிரிவு மாணவி ஒருத்தியோ, "புவியியல், சேர்" என்று தடுமாறாது கூறினாள். தமையனின் பழைய புத்தகங்களை வாசித்திருக்கிறாள். மலையென்று ஒன்றையும் நேரிற் காணாத அப்பிள்ளை, படத்திலுள்ள சமவுயரக் கோடுகளைப் பார்த்து, இது சாய்வு, இது பள்ளத்தாக்கு என்று விரல் வைத்துக் காட்டினாள்.

அவளுடைய தந்தையார் கடையொன்றிற் கணக்கெழுதுபவர். (நம்மூர்ப் பெற்றோர் பலருக்கு மருத்துவ பீடமும் பொறியியற் பீடமும் தவிர வேறு பீடங்கள் உண்டென்பதே மறந்துவிட்டது.) "மாஸ்ரர், ஆட்ஸ் படிச்ச பிள்ளையள் வேலையில்லாமல் றோட்டிலை இருந்ததைக் கண்டனாங்கள்தானே? நீங்களும் இதுக்குச் சம்மதமோ?" என்றார். அவருடைய அச்சம் பொய்யன்று. 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணத்திற் போராடியதை நானும் கண்டேன்.

ஆகையால் ஆறுதல் மொழிகளை விடுத்து, அவருக்குப் பழக்கமான கணக்கையே பார்த்தோம். கணிதப் பிரிவுக்கு மாறுவதாயின் உயிரியலை விட்டு இணைந்த கணிதத்தை எடுத்தாற் போதும். பௌதிகவியலும் இரசாயனவியலும் அப்படியே இருக்கும். இவளோ புவியியல், பொருளியல், தமிழ் என மூன்றையும் புதிதாகத் தொடங்கவேண்டும். பரீட்சைக்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு இருந்தது. எழுதக்கூடிய தடவைகள் மூன்று. கலைப் பிரிவில் எளிதாகப் புள்ளி பெறலாம் என்ற எண்ணத்தையும் அன்றே களைந்தேன். பல்கலைக்கழகத்துக்குக் கணக்கிடப்படும் இசட் புள்ளி, அதே பாடத்தை எழுதிய ஏனையோரின் சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு விலகி நிற்கிறார் என்பதையே அளப்பது. மற்றவர்கள் அதிகம் பெறும் பாடத்தில் அதிகம் பெறுவதால் ஆவதொன்றுமில்லை. நில அளவை, நகரத் திட்டமிடல், அனர்த்த முகாமைத்துவம் ஆகிய துறைகளில் புவியியலுக்கு இடமுண்டென்றேன். உத்தியோகம் நிச்சயமென்று சொல்லவில்லை.

அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் மகளை நோக்கி, "மூன்று பாடத்தின்ரை கொப்பியும் அடுத்த தவணைக்கு முதல் எழுதி முடிப்பியோ?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு மாதங்களில் எழுதி முடித்தாள். பரீட்சை இன்னும் வரவில்லை. சென்ற வாரம் தந்தையார் உயிரியற் புத்தகங்களைக் கயிற்றாற் கட்டிக்கொண்டு வந்து, தேவைப்படும் பிள்ளைக்குக் கொடுக்கும்படி என் மேசையில் வைத்துச் சென்றார்.