தப்பிய பந்துக்கும் இடம் வேண்டும்

சேலம், நாமக்கல் சமவெளியில் இருந்துகொண்டு கோல்ஃப் ஆடுகிறவருக்கு ஆட்டம் நெடுஞ்சாலையிலேயே தொடங்கிவிடும். பதினெட்டுக் குழி மைதானம் வேண்டுமென்றால் வண்டி எடுத்தே ஆகவேண்டும். சங்ககிரி, பவானி வழியாக மேற்கே போனால் கோயம்புத்தூர். கரூர், திண்டுக்கல், வத்தலக்குண்டு என்று தெற்கே இறங்கி மலையேறினால் கொடைக்கானல். தொப்பூர் கணவாய் தாண்டி வடக்கே போனால் பெங்களூரு. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு முழு நாள் போய்விடும். அதனால் எங்கே ஆடுவது என்ற முடிவை நான் விளையாட்டாக எடுப்பதில்லை.

என் ஹேண்டிகேப் 28. பார் 72 உள்ள மைதானத்தை நன்றாக ஆடிய நாளில் ஏறக்குறைய நூறு அடிகளில் முடிப்பவன் என்று கொள்ளலாம். 2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறை 54 வரை இடம் கொடுக்கிறது. எங்கள் பக்கத்து ஆட்டக்காரர்கள் பலர் இந்தக் கணக்கில்தான் வருவார்கள். லாரி பாடி கட்டும் பட்டறை, கோழிப்பண்ணை, ஜவ்வரிசி ஆலை, ஆஸ்பத்திரி என்று பாடுபட்டு, நாற்பது வயதுக்கு மேல் மட்டையைத் தொட்டவர்கள். வாரம் முழுக்க உழைத்துவிட்டு ஒரு நாளை ஒதுக்கிக் கிளம்புகிறார்கள். அந்த நாள் புதருக்குள் பந்து தேடியே கழியக் கூடாது.

கிளம்புமுன் எல்லோரும் கேட்பது, பேர் பெற்ற மைதானம் எது, பெரிய போட்டி நடப்பது எங்கே என்பதுதான். நான் கேட்பது வேறு. வலது பக்கம் தப்பிப் போன பந்து கிடைக்குமா?

ஹேண்டிகேப் கூடுதலாக உள்ள வலக்கை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் டிரைவரை எடுத்தால் பந்து வலது பக்கம் வளைந்து ஓடும். ஸ்லைஸ் என்பார்கள். அங்கே வெட்டவெளி இருந்தால் அடுத்த அடியை அங்கிருந்தே அடித்துக்கொள்ளலாம். முள்ளும் குளமும் வேலியும் இருந்தால் கதை வேறு. தொலைந்த பந்தைத் தேட 2019 முதல் மூன்று நிமிடம்தான். கிடைக்காவிட்டால் ஒரு அடி தண்டம், அதோடு பழைய இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி அடிக்க வேண்டும். ஒரே தவறுக்கு இரண்டு அடி போகிறது, பின்னால் நிற்கும் குழுவின் பொறுமையும் போகிறது.

இதைப் பற்றி நூறாண்டுக்கு முன்பே தெளிவாக எழுதியவர் அலிஸ்டர் மெக்கன்ஸி. மருத்துவம் படித்தவர். பிற்பாடு பாபி ஜோன்ஸோடு சேர்ந்து அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தை வடிவமைத்தார். கோல்ஃப் மைதானம் அமைப்பது பற்றி 1920இல் அவர் வெளியிட்ட நூல் நல்ல மைதானத்துக்கான இலக்கணங்களை வகுக்கிறது. தொலைந்த பந்தைத் தேடும் எரிச்சல் அறவே இருக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. வலுக் குறைந்தவருக்கு, ஒரு அடி கூடுதலாகச் செலவழித்தால் பத்திரமாகப் போய்ச் சேரும் மாற்றுவழி இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. எண்ணிக்கை ஏறிப்போனாலும் அவர் அந்த நாளை ரசிக்க முடிய வேண்டும் என்றும் சொன்னார். மைதானம் தேடும்போது நான் கையில் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்.

எண்ணாகவும் ஒரு அளவு உண்டு. ஸ்லோப் ரேட்டிங் என்பார்கள், ஸ்கோர்கார்டிலேயே அச்சிட்டிருக்கும். தேர்ந்தவருக்கும் சாதாரண ஆட்டக்காரருக்கும் உள்ள இடைவெளியை அந்த மைதானம் எவ்வளவு அகலமாக்குகிறது என்பதை அது சொல்லும். 55 முதல் 155 வரை போகும், பொது அளவாகக் கொள்வது 113. ஸ்லோப் 105 உள்ள இடத்தில் எனக்குக் கிடைக்கும் சலுகை 26 அடி, 130 உள்ள இடத்தில் 32. கோர்ஸ் ரேட்டிங்கை வைத்துச் சின்னத் திருத்தம் ஒன்றும் சேரும். ஆக, ஒரே ஆள், ஒரே கை, இடம் மாறியதும் ஆறு அடி கூடுகிறது. ஆனால் அந்தக் கஷ்டம் தண்ணீரால் வருகிறதா, நீளத்தால் வருகிறதா என்பதை எண் சொல்லாது. அதற்கு ஆளிடம்தான் கேட்க வேண்டும், மட்டைப் பையைச் சுமந்து கூடவே நடக்கும் கேடியைவிட நன்றாகச் சொல்பவர் கிடையாது.

கோயம்புத்தூர் கோல்ஃப் கிளப் செட்டிப்பாளையத்தில் இருக்கிறது. எங்கள் ஊர் வெயிலுக்கும் மண்ணுக்கும் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தெரியாத நிலம். சமவெளி, விரிந்த வானம், மேற்கே மலைத்தொடர், ஃபேர்வே ஓரமாக மேயும் மயில்கள். தை மாதத்துக் காலையில் போனால் தரை காய்ந்து கெட்டியாக இருக்கும். இந்தியச் சமவெளி மைதானங்களில் பரவலாக வளர்ப்பது பெர்முடா புல். நம் வரப்பில் கிடக்கும் அருகம்புல்லின் இனம்தான். குட்டையாக வெட்டிய அந்தப் புல்லில் பந்து மேலே எழும்பி உட்கார்ந்திருக்கும், மட்டையைச் சுத்தமாக அடியில் கொண்டுபோகலாம். தரையோடு ஓடும் அடிகூட முப்பது, நாற்பது கெஜம் கூடுதலாக உருளும். 28காரனுக்கு அது பெரிய வரம்.

அதே இடம் ஆனியிலும் ஆடியிலும் வேறு மாதிரி. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வீசும் மாதங்கள் அவை. எதிர்க்காற்றில் பந்து குட்டையாக விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். வளைந்து போகிற பந்தின் வளைவையும் அது கூட்டிவிடும் என்பது அங்கே ஆடினால்தான் உறைக்கும். ஒரு ஆடி மாதம், கொடி அசையாமல் தொங்குவதைப் பார்த்து நான் மட்டையை எடுத்தேன். கேடி கையை நீட்டித் தடுத்தார்.

"கொடியப் பாக்காதீங்க சார், அது பள்ளத்துல நிக்குது. அந்த மரத்து உச்சி ஆடுது பாருங்க. ரெண்டு நம்பர் பெரிய மட்டையா எடுங்க, மெதுவா அடிங்க."

ஏழுக்குப் பதில் ஐந்து அயர்ன். பந்து தாழப் பறந்து கிரீனின் முன் ஓரத்தில் நின்றது. மைதானத்தைத் தேர்ந்தால் போதாது, மாதத்தையும் தேர வேண்டும் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். கோவைக்கு மார்கழி, தை, மாசி.

கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இல் தொடங்கியது. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல். காற்று மெலிந்திருப்பதால் நாமக்கல் உயரத்தில் 150 கெஜம் போகும் அடி அங்கே 160ஐத் தாண்டும், குளிர்ந்த காலையில் அந்த லாபம் சற்றுக் குறையும். சித்திரை வெயிலில் எங்கள் ஊர்த் தார்ச்சாலை கொதிக்கும்போது அங்கே பச்சைப் புல்மேட்டில் நடப்பது உடம்புக்கும் மனசுக்கும் சுகம். எனக்கு மிகவும் பிடித்த மைதானம் அது. ஆனாலும் முதன்முதலாகப் போகிறவரை அங்கே அனுப்பமாட்டேன். காரணம், காலுக்கடியில் சமதரை கிடைப்பது அரிது. பந்து பாதத்தைவிட மேட்டில் இருந்தால் வலக்கைக்காரருக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டு போகும், பள்ளத்தில் இருந்தால் வலது பக்கம் ஓடும். சமதரையிலேயே அடி நிலைப்படாதவர் ஒவ்வொரு அடிக்கும் புதுக்கணக்குப் போட வேண்டியிருக்கும். கிரீன் கண்ணில் படாத அடிகளும் உண்டு.

அங்கே ஒரு வயதான கேடி எனக்குக் கற்றுத்தந்தது ஒன்று. "குழிய நேராப் பாக்காதீங்க சார். மேட்டுப் பக்கம் அடிச்சு விட்ருங்க, தன்னால எறங்கி வரும்." அப்படியே ஆயிற்று. மலைச்சரிவில் நிலமே பந்தைக் கொண்டுசேர்க்கும், அதைப் படிக்கத் தெரிந்தவர் கூடவே நடக்க வேண்டும். காட்டுமாடு குறுக்கே நின்றால் எவ்வளவு தூரத்தில் நிற்பது, எப்போது நகர்வது என்பதையும் அவரே முடிவு செய்வார். அதில் நம் அவசரத்துக்கு இடமில்லை.

ஊட்டி ஜிம்கானா மைதானமும் மலைதான், ஆனால் இரு பக்கமும் மரமும் புதரும் நெருங்கி நிற்கும். நேராக அடிப்பவருக்கு உரியது. சென்னை நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப்பின் மைதானம் தட்டை, நடப்பதற்குச் சுலபம். 1876இல் தொடங்கிய பெங்களூரு கோல்ஃப் கிளப் நகர நடுவில் இருக்கிறது. நீளம் குறைவு என்று நம்பிப் போகலாம், ஆனால் குறுகலானது, ஊடே சாலைகள் ஓடுகின்றன. பழைய விமான நிலையத்தை ஒட்டிய கர்நாடகா கோல்ஃப் சங்கத்தின் மைதானம் பீட்டர் தாம்சன் வடிவமைத்தது. பிரிட்டிஷ் ஓப்பனை ஐந்து முறை வென்ற ஆஸ்திரேலியர். அழகான மைதானம். அந்த அழகில் பெரும்பங்கு குளங்களுக்கு உண்டு, ஸ்லைஸ் அடிப்பவரின் பந்துகள் அங்கேதான் சேரும்.

எங்கே போனாலும், எந்த டீயிலிருந்து, அதாவது முதல் அடி அடிக்கும் எந்த மேடையிலிருந்து, ஆடுவது என்பது பாதித் தேர்வு. 2011இல் அமெரிக்க கோல்ஃப் அமைப்புகள் 'முன்னால் வந்து ஆடுங்கள்' என்று ஒரு இயக்கமே நடத்தின. டிரைவர் 200 கெஜம் போகிறவருக்கு அவை சொன்ன மைதான நீளம் 5,200 முதல் 5,400 கெஜம்தான். ஐந்து அயர்ன் போகும் தூரத்தை 36ஆல் பெருக்குவது இன்னொரு வழி. 145 கெஜம் என்றால் 5,220. இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

ராசிபுரத்திலிருந்து என்னோடு வரும் மைத்துனர் இதை எளிதில் ஒத்துக்கொள்ளவில்லை. "செகப்பு டீ பொம்பளைங்களுக்குன்னு வெச்சது இல்லீங்களா மாமா?" என்றார். விதியில் அப்படி எதுவும் இல்லை. எந்த டீயும் யாருக்கும் பொது, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே ரேட்டிங் போட்டுக் கொடுக்கலாம் என்பதுதான் முறை. ஒரு நாள் முன் டீயில் ஆடிப் பார்த்தார். பார் 4 குழியில் இரண்டாவது அடிக்கு மரமட்டைக்குப் பதில் எட்டு அயர்ன் கையில் வந்தது. பந்து கிரீனில் ஏறி நின்றதும் அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் வேறெந்த மைதானத்திலும் பார்த்ததில்லை.

புது இடத்தில் ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் ஆடுவதும் நல்லது. டாக்டர் பிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு 1932இல் இங்கிலாந்தின் வாலஸி கிளப்பில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு குழிக்கும் புள்ளி. ஒரு குழி கெட்டுப்போனால் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்ததற்கு நடக்கலாம், மொத்த நாளும் அதில் மூழ்காது.

இவற்றில் பெரும்பாலானவை உறுப்பினர் கிளப்கள். நம் கிளப்போடு இணைப்பு உண்டா, விருந்தினரை எந்த நாளில் விடுவார்கள் என்று முன்கூட்டியே போன் செய்து கேட்க வேண்டும். அப்போதே வலது பக்கம் என்ன இருக்கிறது, முன் டீ எத்தனை கெஜம், தண்ணீரைத் தாண்டி அடித்தே ஆகவேண்டிய குழிகள் எத்தனை, கேடி கிடைப்பாரா என்றும் கேட்டுவிடுவேன். கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் அந்த வாரம் போவதில்லை.

முதல் பயணத்துக்கு வழி கேட்கிற எங்கள் பக்கத்து ஆட்களிடம் கோவை என்றே சொல்கிறேன். தை மாதம், வார நாள், காலை முதல் நேரம், முன் டீ, பையில் பழைய பந்து ஒரு டஜன். மலைச்சரிவில் நிற்கக் கால் பழகியபின் சித்திரையில் கொடைக்கானல். பெங்களூருவின் குளங்களை, டிரைவரில் பந்து நேராகப் போகத் தொடங்கியபின் பார்த்துக்கொள்ளலாம்.