சிங்கப்பூர் நம்பருக்குப் போகும் ஓடிபி

அரிமளம் பக்கம் சிங்கப்பூரிலிருந்து லீவில் வருகிறவர்கள், கோடாலித் தைலத்தோடு இப்போது வீடியோ கேம் பெட்டியும் கொண்டு வருகிறார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆள் திரும்பிப் போன பிறகுதான் சங்கதி தெரியும்.

அக்கா வீட்டில் நடந்தது அதுதான். கேம் கணக்கு தானாக லாக்-அவுட் ஆகிவிட்டது. பாஸ்வேர்டு சரி. ஓடிபி மட்டும் மச்சானின் சிங்கப்பூர் நம்பருக்குப் போகிறது. அவரோ ஷிப்டில். அவர் பார்த்துச் சொல்வதற்குள் அது காலாவதி.

"மாமா, பெட்டியை ரீசெட் பண்ணிடவா?" என்றான் மருமகன். நல்லவேளை, கேட்டுவிட்டுச் செய்கிற பிள்ளை! ரீசெட் செய்தால் சேமித்த ஆட்டமெல்லாம் அழிந்துபோகும். பிறகும் அதே ஓடிபியைத்தான் கேட்கும்.

இப்படி உள்ளே நுழைய முடியாமல் போனால், கோளாறு நம் வீட்டில்தானா என்று முதலில் பாருங்கள். 2011 ஏப்ரலில் ஊடுருவலுக்குப் பிறகு பிளேஸ்டேஷன் நெட்வொர்க் மூன்று வாரத்துக்கு மேல் மூடிக் கிடந்தது. பாதிக்கப்பட்ட கணக்குகள் சுமார் 7.7 கோடி. 2025 பிப்ரவரியில் மறுபடி ஏறத்தாழ ஒரு நாள் படுத்தது. அந்த நேரத்தில் ரௌட்டரைப் பிடுங்கிச் சொருகி என்ன பயன்? சர்வர் நிலவரத்தை நிறுவனமே இணையத்தில் போடுகிறது, போனிலேயே பார்க்கலாம். அது சரியென்றால் பெட்டியின் தேதி, நேரத்தைப் பாருங்கள். கடிகாரம் தப்பினால் பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தாமல் இணைப்பே மறுக்கப்படலாம்.

லீவில் வரும் அண்ணன்மார்களே, திரும்ப விமானம் ஏறும் முன் ஓடிபியை ஊர் நம்பருக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் கணக்கு அமைப்பில் கிடைக்கும் மாற்றுக் குறியீடுகளையாவது எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.