லிஸ்பன் நகரின் கருவாட்டுத் தெரு

போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனுக்குச் செல்வோர் தேஜு நதிக்கரையிலுள்ள வாணிகச் சதுக்கத்தைக் காணாது திரும்புவதில்லை. 1755ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் அழிந்த அரண்மனை நின்ற இடம் அதுவே. அங்கிருந்து மேற்கே செல்கிறது 'றுவா டு ஆர்சனல்' என்னும் தெரு. அத்தெருவின் பழைய கடைகளை நாம் அணுகியபோது நம்மை முதலில் வரவேற்றது கருவாட்டு வாசனை!

போர்த்துக்கேயர் 'பக்கல்யாவ்' என அழைக்கும் இக்கருவாடு கொட் மீனால் ஆனது. நம்மிற் பலர் சிறுவயதில் முகஞ்சுளித்து விழுங்கிய மீனெண்ணெய் இம்மீனின் ஈரலிலிருந்து எடுக்கப்படுவதே. ஆனால் கொட் மீன் போர்த்துக்கல்லின் கடலில் வாழ்வதன்று. அந்நாட்டு மீனவர் அத்திலாந்திக் மாகடலைக் கடந்து, நியூபவுண்ட்லாந்துக் கடலிலே ஆளுக்கொரு சிறு தோணியில் இறங்கித் தூண்டிலிட்டு இதனைப் பிடித்து வந்தனர். மீன்வளம் குன்றியதால் 1992இல் கனடா அங்கு பெருமளவு கொட் மீன்பிடியை நிறுத்தியது. இன்று நோர்வே, ஐஸ்லாந்து முதலிய நாடுகளே லிஸ்பனுக்கு மீன் அளிக்கின்றன. முன்னாளில் எளியோர் உணவாயிருந்தது இந்நாளில் எண்ணிப் பார்த்து வாங்கும் பொருளாகிவிட்டது.

எனினும், நத்தார் முன்னிரவில் அவித்த பக்கல்யாவும் உருளைக்கிழங்கும் கோவாவும் இல்லாத வீடு அங்கு அரிது. நாம் வழங்கும் 'கோவா' என்னும் சொல்லும் போர்த்துக்கேயர் வழி வந்ததே.

இத்துணை விலை கொடுத்து வாங்குவோர் தரம் அறிந்து வாங்க வேண்டுமன்றோ? முழுமீனின் ஒரு முனையைப் பிடித்து நீட்டினால் அது பலகைபோல் விறைத்து நிற்றல் வேண்டும். தளர்ந்து தொங்கினால் ஈரம் மிகுதி. நன்கு உலர்ந்த பக்கல்யாவில் நீர் நூற்றுக்கு 47 பங்கிற்கு மேற்படலாகாது என்பது அந்நாட்டு விதி. ஈரமானதை வாங்குவோர் நீருக்கும் விலை கொடுக்கின்றனர். நிறம் வைக்கோலை ஒத்திருத்தல் நன்று. செந்நிறப் படலம் உப்பில் வளரும் நுண்ணுயிரின் அடையாளம். கொட் மீனின் வாலோரம் ஏறக்குறைய நேராக இருக்கும்; வால் கவைத்திருந்தால் அது விலை குறைந்த வேறு மீனாகலாம்.

மீன் பெரிதாகப் பெரிதாக விலையும் ஏறும். தடித்த துண்டாகச் சுட்டு உண்பதற்கே பெரிய மீன் வேண்டும். உதிர்த்து முட்டையும் வெங்காயமும் சேர்த்துச் சமைப்பதற்குச் சிறியதே போதும். எதுவாயினும் ஓரிரு நாள் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, நீரைப் பலமுறை மாற்றி உப்பை நீக்குதல் அவசியம். கட்டாக் கருவாட்டை ஊறவைத்துப் பழகிய நம் தாய்மாருக்கு இதனைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆர்சனல் தெருவில் இன்று எஞ்சியிருப்பவை சில கடைகளே. றொசியு சதுக்கத்தின் அருகே 1890இல் தோன்றிய 'மந்தெய்காரியா சில்வா'விலும் நல்ல பக்கல்யாவ் கிடைக்கும். பேரங்காடிகளிலோ ஊறவைத்துக் குளிரூட்டிய துண்டுகளும் உறைகளில் வருகின்றன. வேலைக்குச் செல்வோர்க்கு அவை வசதியே. ஆயினும், உறையிலிட்ட துண்டில் வாலைக் காண இயலாது. விறைப்பையும் அறிய இயலாது. ஆதலால் முழுமீனைக் கையில் எடுத்துப் பார்க்க விடும் கடையை நாடுக. தேர்ந்த மீனைக் கண்முன்னே நிறுத்து, அங்கேயே வெட்டுவித்து வாங்குக.