பற்ற வைக்காத பம்ப் ஸ்டவ்

பழைய ஸ்டவ் சேர்ப்பவர்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. ஐம்பது, அறுபது வருடப் பழைய ஸ்டவ் ஒன்று, ஒரு தடவைகூடப் பற்ற வைக்கப்படாமல், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே கையில் கிடைக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைப்பதா, அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பதா? இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று தங்கமணி மாதிரி நீங்களும் கேட்கலாம். சேர்ப்பவனுக்குப் பிரச்சினைதான். காரணம், அந்த "முதல் தடவை" ஒரே ஒரு தடவைதான் வரும்.

பித்தளை பர்னர் தீயைப் பார்த்த உடனே நிறம் மாறிவிடும். பிறகு எத்தனை புளி போட்டுத் தேய்த்தாலும் பழைய முகம் வராது. எங்கள் தொழிலில் சொன்னால், சலவை நோட்டு மாதிரி. பழைய ஒரு ரூபாய் நோட்டு மடிப்பே விழாமல் இருந்தால் அதற்கு ஒரு விலை. நடுவில் ஒரு மடிப்பு விழுந்தால் வேறு விலை.

மட்டாஞ்சேரியில் ஜூ டவுன் தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் பழம்பொருள் கடைகள். உருளி, கிண்டி, கப்பல் விளக்கு, மரக்கதவு என்று எல்லாம் இருக்கும். அப்படி ஒரு கடையில்தான் அந்தப் பித்தளை ஸ்டவ்வைப் பார்த்தேன். யாரோ மூடிய ஹார்டுவேர் கடையின் கிடங்கில் விற்காமல் கிடந்த சரக்காம். பர்னரில் கரி இல்லை. கீழே தொட்டிக்குள் மண்ணெண்ணெய் வாசனைகூட இல்லை. "இதை வாங்கிப் பற்ற வைக்கப் போகிறேன்" என்றதும் கடைக்காரர் பதறிவிட்டார். "கத்திச்சால் பின்னே வில போயி, சாரே!" (மலையாளத்தில் கத்திப்பது என்றால் கொளுத்துவது. வந்த புதிதில் நான் யார் கத்தினார்கள் என்று திரும்பிப் பார்த்ததுண்டு.)

சரி, அந்த ஸ்டவ்வுக்கு வருவோம். இதன் தாத்தா ஸ்வீடன்காரர். 1892இல் ஸ்டாக்ஹோமில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் செய்த பிரைமஸ் ஸ்டவ். தொட்டியில் எண்ணெய். பம்ப் அடித்தால் காற்றழுத்தம் எண்ணெயை மேலே தள்ளும். முன்கூட்டியே சூடாக்கிய பர்னருக்குள் எண்ணெய் ஆவியாகி, நிப்பிளின் ஊசித்துளை வழியே சீறிக்கொண்டு வந்து, காற்றோடு கலந்து நீலமாக எரியும். திரி கிடையாது, அதனால் கரியும் குறைவு. 1911இல் தென் துருவத்துக்குப் போன அமுண்ட்சென் குழு கொண்டுபோனது பிரைமஸ்தான். 1953 மே 29 காலை, எவரெஸ்ட் உச்சிக்குக் கிளம்ப வேண்டிய ஹிலாரியின் பூட்ஸ் கல்லாக உறைந்திருந்தது. அதை ஸ்டவ் நெருப்பில் காட்டி இளக்கிய பிறகுதான் அவரும் டென்சிங்கும் கிளம்பினார்கள்.

வெளிநாட்டில் இதைக் கேம்பிங் ஸ்டவ் என்கிறார்கள். மலைக்கும் காட்டுக்கும் கொண்டுபோகிற சாமான். நமக்கு அது அடுக்களை. காலை ஐந்து மணிக்கு ஹோ என்று இரையும் சத்தம், அடைத்துக்கொண்டால் ஸ்டவ் பின்னால் ஒரு குத்து, எதிர்த்த வீட்டு அக்காவிடம் கடன் வாங்கும் மண்ணெண்ணெய். நாற்பது தாண்டிய எல்லோருக்கும் இது தெரியும்.

"அப்படியே வை" என்கிறவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. பயன்படுத்திய ஸ்டவ் ஆயிரம் கிடைக்கும். அதில் வாஷர் மாறியிருக்கும், நிப்பிள் மாறியிருக்கும், பர்னரே வேறு கம்பெனியாக இருக்கும். தொழிற்சாலை எந்தத் தோலில் வாஷர் போட்டது, எந்த வர்ணம் அடித்தது, என்ன சீட்டு ஒட்டியது என்பதற்கு அந்தத் தொடாத ஒன்றுதான் சாட்சி. சாட்சியைக் கொளுத்திவிட்டால் கேஸ் முடிந்தது.

"பற்ற வை" என்கிறவர்கள் சொல்வது: சும்மா வைத்தால் மட்டும் கெடாதா? கெடும். பம்புக்குள் இருக்கும் தோல் வாஷர் எண்ணெய்ப் பசை இல்லாமல் காய்ந்து சுருங்கும். இந்த ஊர் உப்புக் காற்றில் பித்தளை ஒரு மழைக்காலத்திலேயே களிம்பு ஏறிவிடும். பிராஸோ போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தால் அடித்த முத்திரையே மழுங்கும். எங்கள் வங்கியிலும் இரண்டு வருடம் யாரும் தொடாத கணக்கைச் செயல்படாத கணக்கு என்றுதான் எழுதுவோம். பத்து வருடம் தாண்டினால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். தொடாமல் விட்டது பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

இந்த வழக்குக்கு அதே தெருக்கோடியில் ஒரு பதில் இருக்கிறது. 1568இல் கட்டிய பரதேசி யூதர் கோயிலின் தரையில் 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த, கையால் வரைந்த நீல ஓடுகள். கண்ணாடி போட்டு மூடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேலேயே நடக்கலாம். பயன்பாடும் உண்டு, பாதுகாப்பும் உண்டு. நான் அந்தக் கடை ஸ்டவ்வைப் பேரம் பேசி வாங்கி வந்து, வாஷர் எல்லாம் மாற்றி, மொட்டை மாடியில் பற்ற வைத்தேன். சுலைமானி போட்டுக் குடித்தேன். யாருக்கும் போய்ச் சேராமல் கிடங்கில் கிடந்த சாமான் அது. அது காத்திருந்ததே ஒரு டீக்காகத்தான் என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் என் வீட்டில் இன்னொரு ஸ்டவ் இருக்கிறது. அதுவும் பற்ற வைக்காதது. அதை நான் கொளுத்த மாட்டேன்.

அம்மாவுக்குக் கல்யாணச் சீரில் வந்தது அது. 1978. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் கிராமத்தில் அப்போது விறகடுப்புதான். பித்தளைப் பம்ப் ஸ்டவ் பெரிய கௌரவம். வந்த வாரமே ஆச்சி, அதாவது அம்மாவின் மாமியார், அதை எடுத்து மச்சில் வைத்துவிட்டாள். அடுத்த தெருவில் கல்யாணமாகி வருடம் திரும்பாத ஒரு பெண் அதற்கு முந்தின மாதம் எரிந்து போயிருந்தாள். "ஸ்டவ்வு வெடிச்சிட்டுன்னு சொன்னாவ. நம்பணுமாம்" என்று ஆச்சி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் பிறகு திரி ஸ்டவ் வந்தது, அப்புறம் கேஸ் வந்தது. பம்ப் ஸ்டவ் மச்சிலேயே இருந்தது.

அந்தக் காலத்துச் செய்தித்தாளில் "ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி" என்று மூலையில் நாலு வரி வரும். உண்மையிலேயே வெடித்ததும் உண்டு. மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு ஸ்டவ் மேல் பழி போட்டதும் உண்டு. கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் தீக்காயத்தாலோ சந்தேகமான முறையிலோ இறந்து, வரதட்சணைக் கொடுமையும் நிரூபணமானால் அது வரதட்சணை மரணம் என்று 1986இல்தான் சட்டத்தில் 304பி பிரிவு வந்தது. (2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 80ஆம் பிரிவு.)

ஊர் வீட்டைக் காலி செய்தபோது அந்த ஸ்டவ் என்னோடு கொச்சிக்கு வந்தது. ஜூ டவுன்காரரிடம் காட்டியிருந்தால் நல்ல விலை சொல்லியிருப்பார். புத்தம் புதுசு, கத்திக்காதது என்று சீட்டு ஒட்டியிருப்பார். அம்மாவிடம் கேட்டேன். "அது இருக்கட்டும்ல. ஆச்சி எனக்காக எடுத்து வச்சது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அதனால் என் கட்சி இதுதான். பயன்படுத்துவதா, பாதுகாப்பதா என்று கேட்பதற்கு முன்னால், இது ஏன் இத்தனை நாள் பயன்படாமல் இருந்தது என்று கேளுங்கள். விற்காமல் தங்கிய சரக்கு என்றால், அதுபோல இன்னும் நாலு இருக்கிறது என்றால், தாராளமாகப் பற்ற வையுங்கள். அந்த வகையில் கடைசி ஒன்று என்றால் விட்டுவிடுங்கள். யாரோ ஒருவர் வேண்டும் என்றே பற்ற வைக்காமல் விட்டது என்றால், அந்தக் காரணத்தை ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள். காரணம் தெரியாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது வெறும் பளபளப்பான பித்தளை. நான் அம்மாவைச் சொல்லச் சொல்லி ஒரு பக்கம் எழுதி ஸ்டவ் பெட்டிக்குள் போட்டிருக்கிறேன்.

பற்ற வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தோல் வாஷரையும் மற்ற வாஷர்களையும் மாற்றாமல் கிட்டே போகாதீர்கள். முதலில் தொட்டியைத் தண்ணீரில் அமுக்கி, பம்ப் அடித்து, குமிழி வருகிறதா பாருங்கள். பற்ற வைத்த இடத்தில் கசிவு தெரிந்தால் உடனே காற்றுத் திருகைத் திறந்துவிடுங்கள். நைலான் சேலையோடு யாரையும் பக்கத்தில் நிற்க விடாதீர்கள். மறந்தும் பெட்ரோல் ஊற்றாதீர்கள்.