பழைய நூலில் உள்ள ஊரைத் தரையில் தேடுதல்

பழைய நூல் ஒன்று ஓர் ஊரின் பெயரைச் சொல்கிறது. அந்த ஊர் இன்று எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டுவது வரலாற்று நிலவியலின் அடிப்படை வேலை. எபிரேய வேதாகமத்து ஊர்களுக்கு இந்த வேலையை முறையாகத் தொடங்கியவர் அமெரிக்க அறிஞர் எட்வர்ட் ராபின்சன். 1838-இல் அரபு மொழி நன்கறிந்த ஈலை ஸ்மித்துடன் பாலஸ்தீனத்தைச் சுற்றி, குடியானவர்கள் வாயில் வழங்கிய பெயர்களைக் கொண்டு பல ஊர்களை அடையாளம் கண்டார். திருத்தணி, ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு வட்டாரத்தில் கல்வெட்டு ஊர்களைத் தேடுகிறவருக்கும் வழி அதுவே.

முதலில் எழும் கேள்வி பெயர் பற்றியது. பெயர் ஒத்துப்போவது தேடலின் தொடக்கம்தான். அதையே முடிவாகக் கொண்டால் பிழை நேரும். அரக்கோணத்துக்கு அருகிலுள்ள தக்கோலத்தை எடுத்துக்கொள்ளலாம். கி.பி. 949-இல் சோழ இளவரசன் இராசாதித்தன் இராஷ்டிரகூடரோடு போரிட்டு வீழ்ந்த இடம் இது. சம்பந்தர் பாடிய திருவூறலும் இவ்வூரே. முதலாம் இராசேந்திரனின் கடல் கடந்த வெற்றிகளைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் தலைத்தக்கோலம் என்றொரு ஊர் வருகிறது. அது மலாய்த் தீபகற்பத்துத் துறைமுகம். பெயரை மட்டும் பார்க்கிறவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார். மெய்க்கீர்த்திப் பட்டியலில் அதன் முன்னும் பின்னும் வரும் ஊர்களைப் பார்க்கிறவருக்கு அந்தக் குழப்பம் வராது. ஓர் ஊரைத் தனியே தேடாமல் அதன் அக்கம்பக்கத்தோடு சேர்த்துத் தேட வேண்டும் என்பது இந்தக் கலையின் முதல் விதி.

பிறமொழி ஆவணங்களில் பெயர் உருமாறி நிற்கும். காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பகைவரை வென்றதைக் காசாக்குடிச் செப்பேடு சமஸ்கிருத ஒலியில் எழுதியது. 1780-இல் கர்னல் பெய்லியின் படை ஐதர் அலி, திப்பு சுல்தான் படைகளிடம் அழிந்ததும் அதே ஊரில்தான்; ஆங்கில நூல்கள் அதைப் பொள்ளிலூர் என்று எழுதின. சோளிங்கர்க் கல்வெட்டு சொல்லும் வல்லாலப் போர், பொன்னையாற்றங்கரைத் திருவல்லத்தில் நடந்ததென்று அறிஞர் கருதுகின்றனர். அவ்வூர் வாண அரசர்களின் தலைநகரம், கல்வெட்டு போற்றும் பிருதிவீபதி அந்த வாணர் பட்டத்தையே பெற்றவன் என்பதால் அக்கருத்து வலுப்பெறுகிறது.

அடுத்தது சான்றின் தரம். அசையாத பாறையில் வெட்டிய எழுத்துக்கும், கையில் எடுத்துச் செல்லக்கூடிய பொருளில் உள்ள எழுத்துக்கும் ஒரே மதிப்புக் கிடையாது. கேசேர் என்ற வேதாகம நகரின் இடத்தைப் பிரெஞ்சு அறிஞர் கிளெர்மோன் கன்னோ ஓர் அரபு வரலாற்று நூலின் குறிப்பிலிருந்து ஊகித்தார். 1874-இல் அந்த மேட்டைச் சுற்றியிருந்த பாறைகளில் கேசேரின் எல்லை என்று எபிரேயத்தில் வெட்டிய எழுத்துகளையே கண்டார். அதன்பின் ஐயத்துக்கு இடமில்லை. வேதாகமம் சொல்லும் கிபியோன் எனக் கருதப்பட்ட எல்-ஜிப் ஊரில் 1956 முதல் ஜேம்ஸ் பிரிட்சார்ட் அகழ்ந்தபோது அந்தப் பெயர் பொறித்த சாடிக் கைப்பிடிகள் கிடைத்தன. சாடி ஊர் விட்டு ஊர் போகும். ஆனாலும் கைப்பிடிகள் பலவாகக் கிடைத்ததும், திராட்சை மது செய்த இடம் அங்கேயே வெளிப்பட்டதும் சான்றை உறுதியாக்கின.

செப்பேடுகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். நாகப்பட்டினத்தை அடுத்த ஆனைமங்கலத்தைப் பற்றிய சோழர் செப்பேடுகள் ஹாலந்துக்குப் போய் லைடன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன. ஏடு கிடைத்த ஊரும் ஏடு பேசும் ஊரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஏட்டுக்குள் இருக்கும் எல்லைக் குறிப்புதான் ஊரைக் காட்டும்.

1905-இல் வெளிப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடு இதற்கு மிகச் சிறந்த பாடம். இராசேந்திரன் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்ததை அது பதிவு செய்கிறது. இத்தகைய கொடையில் பெண் யானையை எல்லை நெடுக நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, அந்த எல்லையை எழுத்தில் வரிசையாகச் சொல்வார்கள். எந்த ஏரியின் கரைக்குத் தெற்கு, எந்த ஓடைக்கு மேற்கு, எந்த ஊரின் நிலத்துக்கு வடக்கு என்று கணக்கு நீளும். தேடுகிறவர் வருவாய்த்துறைக் கிராம வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே திசையில் நடக்க வேண்டும். கள்ளி பட்டுப்போயிருக்கும், கல்லும் பெயர்க்கப்பட்டிருக்கலாம். ஏரியும் நீர் ஓடும் சரிவும் அவ்வளவு எளிதில் இடம் மாறுவதில்லை.

சங்க நூலின் ஊரையும் இவ்வாறே நிறுவலாம். அகநானூற்றில் திரையன் என்ற தலைவனின் ஊராக வரும் பவத்திரி கடற்கானலை உடையது. கூடூர்ப் பகுதியிலுள்ள ரெட்டிப்பாளையத்துச் சோழர் காலக் கல்வெட்டுகள் பவத்திரியைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. அது கடல்கொண்ட காகந்தி நாட்டைச் சேர்ந்தது என்றும் கூறுகின்றன. பெயர், கல், கடற்கரை மூன்றும் ஓரிடத்தில் கூடுகின்றன.

ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் தேடுகிறவர் ஆட்சி எல்லைகளின் வரலாற்றையும் அறிந்திருக்க வேண்டும். திருத்தணிப் பகுதி முதலில் வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. 1960-இல் சென்னை மாநிலத்துக்கு வந்து செங்கற்பட்டு மாவட்டத்தில் இணைந்தது. 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் ஆனது. ஆகவே ஒரே கோயிலின் கல்வெட்டு, எந்த ஆண்டின் கல்வெட்டு அறிக்கை என்பதைப் பொறுத்து வெவ்வேறு மாவட்டத் தலைப்பில் இருக்கும். ஊர்ப்பெயருக்குத் தமிழ் வடிவமும் தெலுங்கு வடிவமும் உண்டு. பேட்டை, கண்டிகை என முடியும் பெயர்கள் பெரும்பாலும் பிற்காலத்தவை. பழைய பெயர் பக்கத்து ஏரியிலோ மேட்டிலோ ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும்.

எல்லாத் தேடலும் முடிவில் சேர்வதில்லை. சாலொமோனுக்குப் பொன் வந்த ஓப்பீரை அரேபியாவிலும், கிழக்கு ஆப்பிரிக்காவிலும், மராட்டியத்துச் சோபாராவிலும், நெல்லைக் கடற்கரை உவரியிலும் தேடியிருக்கிறார்கள். தெல் கசீலே என்னுமிடத்தில் கிடைத்த ஓட்டுச் சில்லில் ஓப்பீர்ப் பொன் என்ற குறிப்பு உண்டு. வணிகம் நடந்ததை அது காட்டுகிறது; ஊர் இருந்த திசையைக் காட்டவில்லை. இத்தகைய ஊருக்கு நேரே கேள்விக்குறி இடுவதே நேர்மை. ஊர்ப்பெருமைக்காக அந்தக் குறியை அழித்துவிடுவது பின்வருவோரை வழிதவற வைக்கும்.

உறுதி, இயலும், ஐயம் என்று ஒவ்வோர் அடையாளத்தையும் தரம் பிரித்து எழுதுவதே நல்ல நடைமுறை. அந்தத் தரத்தை உயர்த்தும் சான்றுகள் இப்போது வேகமாக அழிகின்றன. திருப்பணியில் மணல் பீய்ச்சி எழுத்துகளைத் தேய்க்கிறார்கள். வண்ணம் பூசி மறைக்கிறார்கள். குவாரிக்குப் பாறைகள் போகின்றன. மனைப்பிரிவுகளில் ஏரிக்கால்வாய்களின் பெயரும் மறைகிறது. அந்தந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஏரி, ஓடை, மேடு, தோப்பு ஆகியவற்றின் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும். எழுத்துள்ள கல் எதைக் கண்டாலும், இடத்தை விட்டு அசைக்காமல், தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.